நாலு நூல்

ரூட்டர் மெஷினுக்கு பிட் வாங்குவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்று ஒரு காலத்தில் சொல்லிக்கொண்டு திரிந்தேன். யாரும் கேட்காமலே சொல்வேன். மரத்தில் விளிம்பு உருட்ட, பள்ளம் எடுக்க, வளைவு கொடுக்க என்று அந்தச் சின்ன வெட்டுக் கத்திகளில் எத்தனையோ தினுசு இருக்கிறது. கடைக்காரர் பெட்டியைத் திறந்து வைத்தால், நல்லது எது, சொத்தை எது என்று பார்த்த மாத்திரத்தில் பிரித்துவிடுவேன். அந்தத் திமிர் பிடித்த காலத்தில் நான் வாங்கிய ஒரு பிட், என் மச்சினனின் இடது கையில் இரண்டு விரல்களைக் கொண்டுபோயிற்று. தப்பு அவனுடையது என்று எல்லோரும் சொன்னார்கள். அவனும் அப்படியே சொன்னான். என்னுடையது என்று எனக்கு அன்று மாலையே தெரியும். அதை அவனிடம் சொல்ல எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று. இங்கே எழுதுவது அதைத்தான்.

நான் பிறந்து வளர்ந்தது இந்த மராத்தி ஊரில், கோர்படி ரயில்வே குவார்ட்டர்ஸில். அப்பா குடியாத்தம் பக்கத்திலிருந்து வந்து ரயில்வேயில் சேர்ந்தவர். எனக்குப் படிப்பு ஏறவில்லை, மர வேலை ஏறியது. இருபத்தைந்து வருஷமாகக் கசார்வாடியில், பழைய மும்பை ரோட்டை ஒட்டிய ஒரு பட்டறையில் இருக்கிறேன். தகரக் கூரை. வெயில் காலத்தில் உள்ளே நின்றால் வேகும், மழைக்காலத்தில் சத்தத்தில் காது அடைத்துப்போகும். கதவு, ஜன்னல், மாடிப்படிக் கைப்பிடி, இந்த ஊர்க்காரர்கள் வீட்டில் சாமி வைக்கும் தேக்கு மண்டபம், எல்லாம் செய்வோம். முதலாளி மராத்திக்காரர், அவரை மாலக் என்று கூப்பிடுவோம். வேலைக்கு ஆறு பேர். பேச்செல்லாம் இந்தியும் மராத்தியும்தான். தமிழ் பேச எனக்கு அங்கே இருந்தது என் மச்சினன் ஒருவன் மட்டும்.

அவன் என் மனைவியின் தம்பி. ஊரில் கட்டில் செய்யும் கடையில் இருந்தவனை நான்தான் அழைத்து வந்து மாலக்கிடம் சேர்த்துவிட்டேன். கை சுத்தம் என்றால் அவன் கைதான். ஆனால் வேலையில் அவன் நிதானம் என் உயிரை வாங்கும். நான் பத்து நிமிஷத்தில் மாட்டும் பிட்டை அவன் அரை மணி மாட்டுவான். காலெட் என்று ஒன்று ரூட்டரில் உண்டு. பிட்டின் தண்டைக் கவ்விப் பிடிக்கும், பிளவுபட்ட இரும்புக் குழல். நட்டை இறுக்கினால் அது ஒடுங்கித் தண்டைப் பிடித்துக்கொள்ளும். அதற்குள் ஒரு தூசி இருந்தாலும் பிடி நழுவும் என்பதால் பழைய பல் பிரஷ் ஒன்றை வைத்து அவன் அதைத் தேய்த்துக்கொண்டே இருப்பான். தண்டை அடிவரை இறக்கி, மறுபடி கொஞ்சம் மேலே தூக்கி, இரண்டு ஸ்பேனரும் போட்டு இறுக்குவான். இறுக்கியதும் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான். கல்யாணப் பெண்ணுக்கு நகை மாட்டுகிறாயா என்று நான் கிண்டல் செய்வேன். அவன் சிரித்துவிட்டு, மறுபடி ஒரு தடவை இழுத்துப் பார்ப்பான்.

அவன் மாட்டுவான், நான் வாங்குவேன். எங்களுக்குள் அப்படி ஒரு ஏற்பாடு. வாங்குவது லேசான காரியமில்லை. சாதா இரும்பு பிட் தேக்குக்கு ஆகும், ஆனால் பிளைவுட்டில் இருக்கும் பசை அதை ஒரே நாளில் மழுக்கிவிடும். அதற்கு முனையில் கார்பைடு என்ற கெட்டி உலோகம் வைத்தது வேண்டும். அந்தக் கார்பைடு துண்டு ஒட்டியிருக்கும் இடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது, கண்ணுக்குத் தெரியாவிட்டால் நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். மேலே பேரிங் இருந்தால் அது சுண்டிவிட்டதும் சத்தமில்லாமல் சுற்ற வேண்டும். பெரிய வாய் உள்ள பிட்டுக்குத் தடித்த தண்டு வேண்டும், மெஷின் வேகத்தைக் குறைக்க வேண்டும், ஒரே இழுப்பில் எடுக்காமல் மூன்று இழுப்பாக எடுக்க வேண்டும். மரம் கருகினால் பிட் மழுங்கிவிட்டது, அல்லது தள்ளுகிறவன் தூங்குகிறான் என்று அர்த்தம். இதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். தெரியாமல் போனது ஒரே ஒரு விஷயம்தான்.

அது அளவு. இந்த ஊரில் மர வேலை செய்கிறவர்களின் அளவு சூத். ஓர் அங்குலத்துக்கு எட்டு சூத். சூத் என்றால் நூல். நம் பக்கத்து ஆசாரிகளும் கொத்தனார்களும் அதே அளவை நூல் என்றுதான் சொல்கிறார்கள். மச்சினன் ஊரிலிருந்து வந்த புதிதில் இந்தி தெரியாமல் முழித்தாலும் அளவில் மட்டும் ஒருநாள்கூடத் திணறவில்லை. அவர்கள் சார் சூத் என்பார்கள், நாங்கள் நாலு நூல் என்போம். அரை அங்குலம். சங்கடம் என்னவென்றால் பிளைவுட் வருவது மில்லிமீட்டரில். பன்னிரண்டு மில்லிமீட்டர் பிளைவுட்டுக்கும் எங்கள் பட்டறையில் சார் சூத் என்றுதான் பெயர். உண்மையில் அரை அங்குலம் என்பது பன்னிரண்டரை மில்லிமீட்டரையும் தாண்டி இன்னும் கொஞ்சம். அந்த வித்தியாசத்தைப் பலகை பொறுத்துக்கொள்ளும், ஒரு ஆணி கூடுதலாக அடித்தால் தீர்ந்தது. ஆகவே இருபத்தைந்து வருஷமாக என் மண்டைக்குள் பன்னிரண்டும் அரை அங்குலமும் ஒன்றாகவே கிடந்தன. இரும்பு அப்படிப் பொறுத்துக்கொள்ளாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை, நானும் யாரையும் கேட்கவில்லை.

பெரிய ரூட்டர் வந்த அன்று பெட்டியில் இரண்டு காலெட் இருந்தன. பார்க்க இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும். ஒன்று தேய்ந்தால் மாற்றிக்கொள்ள இன்னொன்று கொடுத்திருக்கிறான், தாராள மனசுக்காரன் என்று மாலக்கிடம் சொன்னவன் நான்தான். ஒன்றை மெஷினில் போட்டோம். இன்னொன்றை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றி மேல் தட்டில் வைத்தேன். அது அங்கேயே கிடந்தது.

ஒரு பங்களா வேலை வந்தது. தேக்குக் கைப்பிடி, விளிம்பெல்லாம் பெரிய வளைவு. இருந்த பிட் மழுங்கி மரத்தைக் கருக்கியது, மூன்று கட்டை வீணாயிற்று. நான் வழக்கம்போல பவானி பேட் கடைத்தெருவுக்குப் போய், வழக்கமான கடையில் இல்லாததால் அடுத்த சந்தில் ஒரு கடையில் கேட்டேன். சார் சூத் தண்டு, பெரிய வளைவு, கார்பைடு முனை. கடைக்காரர் எடுத்துக் கொடுத்தார். ஒட்டிய இடத்தை நகத்தால் தடவினேன், பேரிங்கைச் சுண்டினேன். அருமையான பிட், இன்றைக்கும் அதில் குறை சொல்ல மாட்டேன். பெட்டியின் பக்கவாட்டில் 12 என்று அச்சடித்திருந்தது. அதைப் பார்க்காமல் வாங்கினேன் என்றால் மனசுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். பார்த்தேன். பன்னிரண்டு, சரி, நாலு நூல் என்று தலையாட்டிவிட்டுத்தான் வாங்கினேன். கடைக்காரர் மேல் ஒரு தப்பும் இல்லை, நான் கேட்டதைக் கொடுத்தார்.

அன்று மத்தியானம் மச்சினன் அதைக் காலெட்டில் இறக்கிவிட்டு என்னைக் கூப்பிட்டான்.

"மாமா, இது கொஞ்சம் லூசா எறங்குது."

நான் கதவுச் சட்டத்துக்குக் குறி போட்டுக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. புதுசில் எண்ணெய் இருக்கும், அப்படித்தான் இறங்கும் என்றேன். அவன் நகராமல் நின்றான். அவன் நிதானம் எனக்கு எரிச்சல் மூட்டியது.

"நல்லா டைட் பண்ணு, உக்காந்துக்கும்" என்றேன்.

அவன் இறுக்கினான். இரண்டு ஸ்பேனரையும் போட்டு, முகம் சிவக்க இறுக்கினதை ஓரக்கண்ணால் பார்த்தேன். இழுத்தும் பார்த்தான். வரவில்லை. மெஷின் ஓடாதபோது எதுவும் வராது.

மறுநாள் காலை பதினொரு மணி இருக்கும். ரூட்டரை ஒரு மேஜைக்கு அடியில் தலைகீழாகப் பொருத்தியிருந்தோம். பிட் மேஜையின் துளை வழியாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும், கட்டையை அதை ஒட்டித் தள்ள வேண்டும். இரண்டு கட்டை அழகாக வந்தது. மூன்றாவது கட்டை பாதி போயிருக்கும்போது சத்தம் மாறியது. ரூட்டரின் சத்தம் ஒரே சீராக இருக்க வேண்டும், அது கரகரத்து இறங்கியது. பிட் காலெட்டின் பிடியிலிருந்து மெல்ல மெல்ல மேலே ஏறியிருக்கிறது, ஏற ஏற மரத்தை ஆழமாகக் கடித்திருக்கிறது. அதெல்லாம் பிற்பாடு புரிந்தது. அன்று கண்ணால் கண்டது இவ்வளவுதான்: கட்டை பின்பக்கமாகப் பாய்ந்து சுவரில் மோதியது, அதை அழுத்திப் பிடித்திருந்த அவன் இடது கை, அழுத்த ஒன்றும் இல்லாமல் நேராகக் கீழே போயிற்று. அவன் கத்தவில்லை. வலது கையை நீட்டி சுவிட்சைத் தானே அணைத்தான். அப்புறம் என் பக்கம் திரும்பி, மாமா என்று மட்டும் சொன்னான்.

ஆள்காட்டி விரலும் நடுவிரலும். மரத்தூளுக்குள் தேடி, கிடைத்ததைச் சுத்தமான துணியில் சுற்றி, பிம்பிரியில் ஓர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஒட்ட வைக்கும் நிலையில் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரம்பம் அறுக்கும், ரூட்டர் அறுப்பதில்லை, சுரண்டி எடுத்துவிடும். மச்சினன் மனைவிக்கு அப்போது ஐந்து மாதம். அவளை ஆஸ்பத்திரி வராந்தாவில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, என் மனைவி அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து அழுதாள். என் மனைவி அழுது நான் அதிகம் பார்த்ததில்லை, எங்கள் வீட்டில் அழ வைக்கிற வேலை அவளுடையது.

மாலக் வந்தார். நல்ல மனுஷர், கெட்டதாக ஒன்றும் பேசவில்லை. நட் டைட் ஆகவில்லை, வேறென்ன என்று இந்தியில் முணுமுணுத்தார். பட்டறை ஆட்களும் அதைத்தான் சொன்னார்கள். பிட் கழன்று வந்தால் மாட்டியவன் இறுக்கவில்லை என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து பட்டறைக்கு வரும் வழியெல்லாம் அவனை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். நாள் முழுக்கத் தேய்த்துக்கொண்டிருப்பாயே, அன்றைக்கு என்னடா வந்தது உனக்கு என்று.

மேஜையைக் கழுவ வேண்டியிருந்தது. அந்த வேலையை வேறு யாரிடமும் விட மனசில்லை, மற்றவர்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு நானே செய்தேன். துடைத்துக்கொண்டு வரும்போது காலெட் நட்டில் கை பட்டது. சும்மா திருப்பிப் பார்த்தேன். அசையவில்லை. இறுக்காமல் விட்ட நட் என்றால் கையோடு வந்திருக்க வேண்டும். ஸ்பேனர் போட்டேன், ஒன்று போதவில்லை, இரண்டு போட்டு உடம்பெல்லாம் சாய்த்துத்தான் திறக்க முடிந்தது.  கழன்று தெறித்து, சுவரோரம் மரச் சுருள்களுக்குள் கிடந்த பிட்டைத் தேடி எடுத்து வெர்னியர் அளவுகோலில் அளந்தேன். பன்னிரண்டு. பழைய பிட்டை அளந்தேன். பன்னிரண்டு புள்ளி ஏழு. மெஷினில் இருந்த காலெட் அந்த அளவுக்கானது, எவ்வளவு இறுக்கினாலும் பன்னிரண்டைச் சரியாகக் கவ்வாது. மேல் தட்டிலிருந்து எண்ணெய்க் காகிதத்தை எடுத்துப் பிரித்து, கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். தாராள மனசுக்காரன் கொடுத்த இரண்டாவது காலெட்டின் விளிம்பில் பொடி எழுத்தில் 12 என்று பொறித்திருந்தது. புது பிட்டை அதில் இறக்கினேன். ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது.

பிட்டை சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். சத்தியமாகச் சொல்லத்தான் போனேன். அவன் கட்டுப்போட்ட கையைத் தலையணை மேல் வைத்துப் படுத்திருந்தான். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் பேசினான்.

"நீங்க நல்லா டைட் பண்ணச் சொன்னீங்க மாமா. நான்தான் சரியா பண்ணலபோல."

பை என் மடியில் இருந்தது. பிட்டின் கனம் தொடையில் தெரிந்தது. ஆனது ஆச்சு விடு, இனிமேலாவது கவனமாக இரு என்று சொன்னேன். இந்த வாயால்தான் சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை என்று என்னையே பலமுறை கேட்டிருக்கிறேன். பெரிய காரணம் எதுவும் இல்லை. பயம். தம்பியின் விரலைத் தின்றவன் நீயா என்று மனைவி கேட்பாள் என்ற பயம். பிட் வாங்குவதில் புலி என்று வாங்கியிருந்த பேர் போய்விடும் என்ற பயம். முதல் நாள் சொல்லவில்லை. மறுநாள், நேற்றே ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று சொல்லவில்லை. ஒரு வாரம் போனதும் அதற்கு மேல் சொல்ல வழியே தெரியவில்லை. அப்படியே ஒரு மனுஷனால் வாழ்ந்துவிட முடிகிறது. சோறு இறங்குகிறது, தூக்கமும் வருகிறது. இதை எழுதும்போது எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

காயம் ஆறி நாலு மாதத்தில் மாலக் அவனை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். வலது கை முழுசாக இருக்கிறது, இடது கையில் மூன்று விரல் இருக்கிறது, இழைக்கலாம், பூட்டு வைக்கலாம், மெஷினிலும் நிற்கலாம் என்றார். உண்மைதான். அவனைவிடக் குறைந்த விரல்களோடு வேலை செய்கிற ஆட்கள் இந்த ரோட்டு ஓரத்தில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். அவன் மறுத்துவிட்டான். நான் நேரில் போய்க் கூப்பிட்டேன்.

"வெரல் போனதுக்கு இல்ல மாமா. டைட் பண்ணேன்னுதான் எனக்கு ஞாபகம். நல்லா ஞாபகம் இருக்கு. ஆனா பண்ணல. அப்ப என் கைய நானே எப்படி நம்பறது? நாளைக்கு நான் மாட்டற பிட்டு வேற ஒருத்தன் மேல பாஞ்சா?"

அவனுக்கு வேண்டியது என்னிடம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம். நீ இறுக்கினாய், நட் இறுகித்தான் இருந்தது, நான் திறந்து பார்த்தேன். அதைச் சொன்னால் அவன் மறுநாளே பட்டறைக்கு வந்திருப்பான். நான் டீயைக் குடித்துவிட்டு, யோசித்துச் சொல் என்று எழுந்து வந்தேன்.

அவன் கராடியில் ஒரு ஐடி கம்பெனிக் கட்டிடத்தில் செக்யூரிட்டி வேலைக்குப் போனான். வருகிறவர்கள் பேரை நோட்டில் எழுதி வாங்கும் வேலை. கோயம்புத்தூர், சென்னைப் பிள்ளைகள் தமிழில் பேசிக்கொண்டு அவனைத் தாண்டிப் போவார்களாம். இவன் தமிழ் என்று அவர்களுக்குத் தெரியாதாம், இவனும் சொல்லிக்கொள்வதில்லையாம். இடது கையைப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டே நிற்கப் பழகிவிட்டான். பெண் குழந்தை பிறந்தது. என் மனைவி போகும்போதெல்லாம் குழந்தையைக் கொஞ்சிவிட்டு, அப்பனைத் திட்டிவிட்டு வருவாள். கவனம் இல்லாதவன், சின்ன வயசிலிருந்தே இப்படித்தான் என்பாள். சின்ன வயசில் அவன் அப்படி இல்லை. எல்லோரும் சேர்ந்து அவன் பழைய நாட்களையும் திருத்தி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் அவள் வெங்காயம் அரிந்துகொண்டிருக்கும்போது நான் ஆரம்பித்தேன். அன்றைக்கு அந்த பிட் இருக்கிறதே என்றேன். அவள் தலை நிமிராமல், அவன் மட்டும் கொஞ்சம் கவனமாக இருந்திருந்தால் என்றாள். நான் ஆமாம் என்றேன். விபத்து நடந்ததுகூட என் அறியாமையால் என்று ஒதுக்கிவிடலாம். அந்த ஆமாம் அப்படி இல்லை, தெரிந்தே சொன்னது.

பட்டறையில் மட்டும் நான் மகா ஒழுக்கசாலி ஆகிவிட்டேன். என் மகளின் நகப் பூச்சை எடுத்து அரை அங்குலக் காலெட்டுக்குச் சிவப்பும் பன்னிரண்டுக்கு நீலமும் அடித்தேன். எல்லா பிட்டையும் அளந்து, தண்டில் அதே நிறத்தை வைத்தேன். ரூட்டர் பக்கத்தில் நின்றுகொண்டு யாராவது சூத் என்று சொன்னால் வாய்க்கு வந்தபடி ஏசினேன், மில்லிமீட்டரில் சொல் என்றேன். மச்சினனுக்கு நடந்தது மனசை எவ்வளவு பாதித்திருக்கிறது பாருங்கள் என்று மாலக் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். ஒரு தீபாவளிக்கு எனக்குச் சால்வைகூடப் போர்த்தினார். ஏன் திடீரென்று இவன் தண்டை அளக்கிறான் என்று ஒருவனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, எங்கள் பக்கத்துப் பட்டறைகளுக்கு அன்றுதான் லீவு, மச்சினன் பட்டறைக்கு வருகிறேன் என்று போன் செய்தான். அவனுடைய மரவேலைப் பெட்டி இன்னும் அங்கேதான் இருந்தது. ஊரிலிருந்து கொண்டு வந்த இழைப்புளிகள், பிடி தேய்ந்த உளிகள். தாப்போடியில் ஓர் ஆசாரி கேட்டிருக்கிறார், கொடுத்துவிடப் போகிறேன், வீட்டில் வைத்தாலும் துருதான் பிடிக்கும் என்றான். உளியையும் கொடுத்துவிட்டால் அவன் திரும்பி வரவே போவதில்லை. அது எனக்கு அந்தப் போனிலேயே உறைத்தது. ஷட்டரைத் திறந்து வைத்துவிட்டு, என் அலமாரியின் அடியிலிருந்து அந்த பிட்டை எடுத்து மேஜை மேல் வைத்தேன். இரண்டு காலெட்டையும் பக்கத்தில் வைத்தேன். வெர்னியரையும் வைத்தேன். 

அவன் வந்தான். பெட்டியைத் துடைத்து வைத்திருந்ததைப் பார்த்து, எதுக்கு மாமா உங்களுக்குச் சிரமம் என்றான். நான் உட்காரச் சொன்னேன். முதலில் நட்டைப் பற்றிச் சொன்னேன். அன்று அது இறுகித்தான் இருந்தது, இரண்டு ஸ்பேனர் போட்டுத்தான் திறந்தேன், நீ சரியாகத்தான் இறுக்கியிருந்தாய் என்றேன். அப்புறம் நாலு நூலைப் பற்றிச் சொன்னேன். பெட்டியில் 12 என்று பார்த்ததைச் சொன்னேன். ஒன்றையும் மறைக்கவில்லை, மறைத்து வைக்க இனி என்னிடம் எதுவும் இல்லை.

அவன் வெர்னியரை எடுத்தான். வலது கையால் தண்டைப் பிடித்து, இடது கையின் மிச்ச விரல்களால் தாடையை நகர்த்தி அளந்தான். பிறகு தண்டைச் சிவப்பில் இறக்கிப் பார்த்தான், நீலத்தில் இறக்கிப் பார்த்தான். அந்த நிதானத்தை நான் இரண்டு வருஷமாகப் பார்க்கவில்லை. மறுபடி அளந்தான். அப்புறம் எல்லாவற்றையும் இருந்த இடத்தில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"அன்னிக்கு சாயங்காலமே தெரியும்" என்றேன்.

அவன் என்னை அடித்திருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன், அதற்குத் தயாராகத்தான் இருந்தேன். அவன் காலெட்டுகளைப் பார்த்துக்கொண்டே, சத்தம் உயராமல் பேசினான்.  

"பாப்பா பொறந்ததுலேர்ந்து நின்னுக்கிட்டு ஒரு வாட்டிகூட அவளத் தூக்கல மாமா. தரையில உக்காந்து மடியில வாங்கிக்குவேன். புடிச்சிருக்கோம்னு நெனச்சிக்கிட்டே விட்டுட்டா என்ன பண்றதுன்னு."

அவன் அவளைத் தரையில் உட்கார்ந்து கொஞ்சுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விரல் இல்லாததால் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இனிமேல் தைரியமாகத் தூக்கலாமே என்று உளறினேன்.

"இப்ப அவ ஓடறா. யாரு தூக்கினாலும் எறக்கி விடச் சொல்லி அழறா."

பெட்டியை வலது தோளில் வைத்துக்கொண்டு எழுந்தான். தாப்போடிக்காரர் காத்திருப்பார், வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு ஷட்டரைத் தாண்டி வெளியே போனான்.